முற்றத்துக் கம்பம்

சிலாவத்துறையில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கம்பம் நிற்கிறது. உயரம் 40 அடி. மூன்று இரும்புக் குழாய்களை ஒன்றினுள் ஒன்று செருகிப் பூட்டியது. உச்சியிலிருந்து இருபுறமும் மெல்லிய செம்புக் கம்பி கூரை முகடுபோலச் சரிந்து இறங்க, அதன் ஒரு முனை கயிற்றால் வேப்பமரத்திலும், மறுமுனை வேலியோரத்துப் பூவரசிலும் கட்டப்பட்டிருக்கிறது. என் தங்கையின் மகன், அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவன், தன் கையால் நாட்டியது அது. வேறோர் ஊரில் இதனை எவரும் ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில், வீதியால் போகும் ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டே போனார்கள். அந்தப் பார்வையில் வியப்பு இருந்தது. வியப்பைவிட அச்சம் அதிகம் இருந்தது. அந்த அச்சத்தைப் பற்றியே எழுத எண்ணுகிறேன்.

என் சிறு வயதில் இதே வளவில் இரண்டு பனைகள் நின்றன. அவற்றினிடையே வாப்பா ஒரு செம்புக் கம்பியைக் கட்டி, அதிலிருந்து இன்னொரு கம்பியைக் கடைக்குள் இறக்கியிருந்தார். கடைக்குள்ளே பற்றரியில் இயங்கும் வானொலிப் பெட்டி. அந்நாளில் பெட்டி வைத்துக் கேட்பதற்கே உரிமம் பெற வேண்டும். மாலையானால் வலை உலர்த்தி முடித்தவர்களும், வயலிலிருந்து திரும்பியவர்களும் கடை வாசலில் வந்து குந்துவார்கள். கொழும்பு பேசும்; நாங்கள் கேட்போம். பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழுந்ததில்லை.

1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு அடித்த புயலில் வாப்பாவின் கம்பி அறுந்து போயிற்று. கடலுக்கு அப்பால் அதே இரவில் தனுஷ்கோடி அழிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோருடன் வந்த புகையிரதத்தைக் கடல் அள்ளிச் சென்றது. தந்திக் கம்பிகள் வீழ்ந்து கிடந்தமையால், அங்கே நேர்ந்ததை வெளியுலகம் உடனே அறியவில்லை. மன்னார்க் குடாவின் இக்கரையில் இருந்த எங்களுக்குச் செய்தி எட்டியபோது நாள்கள் கடந்திருந்தன. இடையே கிடந்தது ஒரு சிறு கடல். கூப்பிட ஆளும் இருந்தது, கேட்கச் செவியும் இருந்தது. குரலைக் கொண்டு செல்லும் வழிதான் இருக்கவில்லை.

இந்தக் கரையின் பழைய கதையும் அதுவே. முத்துக்குளிப்புக் காலங்களில் அரிப்பில் இரவு பீரங்கி முழங்கும். அந்த ஒலி கேட்டதும் தோணிகள் முத்துப்பார்களை நோக்கிப் பாய் விரிக்கும். 'போ' என்று கட்டளையிடுவதற்குக் கரையிடம் ஒரு பீரங்கி இருந்தது. மூச்சடக்கி ஆழத்தில் இறங்கியவன், தனக்கு நேர்ந்ததைக் கரைக்குச் சொல்ல அவனிடம் என்ன இருந்தது? ஆணையிடும் குரல் ஒரு பக்கம், அடங்கிக் கேட்கும் செவி மறு பக்கம் என்ற இந்த ஏற்பாடு, விஞ்ஞானம் வளர்ந்ததும் தானாக மாறிவிடவில்லை. 1923இல் எட்வேர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளர், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்றின் கருவிகளைக் கொண்டு கொழும்பிலே ஒலிபரப்புச் சோதனை நடத்தினார். இரண்டு ஆண்டுகளில், 1925 டிசம்பரில், கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. ஆசியாவின் மிகப் பழைய ஒலிபரப்புகளில் ஒன்று அது, பெருமைக்குரியதுதான். ஆனால் அதுவும் ஒருவழிப் பாதையே. வானொலி, கேட்பவனைப் பேசவும் வைக்க வேண்டும், அப்பொழுதே அது முழுமையான சாதனமாகும் என்று 1932இல் ஜெர்மானிய நாடகாசிரியர் பேர்டோல்ட் பிரெக்ட் வாதித்தார். அவர் கேட்டதை அரசுகள் செய்யவில்லை. வீட்டு முற்றத்தில் கம்பம் நாட்டிய சாதாரண மனிதர்கள், தம் சிறிய அளவில், உலகெங்கும் அதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். பணம் ஈட்டும் நோக்கமின்றி, கற்பதற்காகவும் உறவாடுவதற்காகவும் மட்டுமே இந்த அலைவரிசைகளைப் பயன்படுத்தலாம் என்பது சர்வதேச விதி. விலைபேசப்படாத பொருள்கள் அருகிவரும் காலத்தில், இப்படி ஒரு விதி இன்னும் உயிரோடிருப்பது எனக்கு ஆறுதல் தருகிறது.

எங்கள் கரையில் அது சாத்தியமாகவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் ஆயுதமுனையில் வெளியேற்றப்பட்டபோது, உடுத்த உடையோடும் கைக்கெட்டிய சில பொருள்களோடும் நாங்கள் புத்தளம் நோக்கிப் போனோம். வாப்பாவின் பெட்டி கடையிலேயே நின்றுவிட்டது. பின்னே தங்கிய வடபுலத்து மக்களின் நிலையும் எளிதாயிருக்கவில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டார்கள் என்பதை அக்காலத்தில் வாழ்ந்த எவரும் சொல்வர். ஒரு துண்டுக் கம்பி, ஒரு பழைய வானொலியின் உறுப்பு, ஒருவனைச் சந்தேகத்துக்குரியவனாக்கப் போதுமானதாயிருந்தது. 2009இல் போர் முடிந்து, சிறிது சிறிதாக நாங்கள் திரும்பி வந்தபோது வளவு காடாகிக் கிடந்தது. இரண்டு பனைகளும் இல்லை. வீட்டின் அத்திவாரத்தை உம்மா காலால் தடவிக் கண்டுபிடித்தார்.

ஆதலால், மருமகன் கம்பம் நாட்டப் போகிறேன் என்றபோது தங்கை சொன்னது எனக்கு இன்றும் செவியில் ஒலிக்கிறது: "ஒருமுறை இந்த வளவை விட்டுப் போனோம், மகன். ஒரு கம்பத்துக்காக இன்னொருமுறை போக என்னால ஏலாது."

அவன் வாதாடவில்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் தேறிப் பெற்ற உரிமத்தை அவள் முன் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக் குறிகள் இலங்கைக்குரியவை என்றும், உலகில் எவர் கேட்டாலும் இன்ன நாட்டுக் குரல் என்று அறிவர் என்றும் விளக்கினான். நாடு எங்களை அறிந்திருக்கிறதா என்பதே அவள் கேள்வியாயிருந்தது.

இனிக் கம்பத்தின் கதைக்கு வருகிறேன். அமெச்சூர் வானொலி என்றதும் பலர் நினைப்பது, செல்வர் வீட்டுத் தோட்டத்தில் 100 அடிக்கு எழும் உருக்குக் கோபுரத்தையும், அதன் தலையில் மோட்டாரால் சுழலும் அலுமினிய அலைவாங்கியையும் ஆகும். தூரதேசங்களைத் தொட அவ்வுயரம் உதவும் என்பது மெய்யே. ஆனால் அடுத்த மாவட்டத்தோடு பேச அது வேண்டியதில்லை. 7 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் அரை அலை நீளமுள்ள கம்பி ஏறத்தாழ 20 மீற்றர். அதனை நடுவில் பகுத்துப் பக்கத்துக்குப் பத்து மீற்றராகத் தொங்கவிட்டால் போதும். கம்பம் தாழ்ந்திருந்தால் அலை பெரும்பாலும் செங்குத்தாக மேலேறி, அயனமண்டலத்தில் தெறித்து, சுற்றுப்புறம் முழுவதிலும் மழைபோல இறங்குகிறது. பகற்பொழுதில் இலங்கை முழுவதும், தமிழகத்தின் தென்கரையும் அதன் வீச்சுக்குள் அடங்கும். மருமகன் இதைச் சொன்னபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். அயலவனோடு பேச உயரம் தேவையில்லை என்று பௌதிகவியலே கூறுகிறதே!

முதற் கம்பம் வீழ்ந்தது. குற்றம் எங்களுடையது. காசை மிச்சம்பிடிக்க எண்ணி, இழுகம்பிகளுக்குப் பதிலாக நைலோன் கயிற்றைக் கட்டினோம். வெயில் அதனைத் தின்றது. காற்று அதனை நீட்டியது. சோளகம் வலுத்த ஒரு பிற்பகலில் கம்பம் வளைந்து சமையற்கட்டின் கூரைமேல் சாய்ந்தது. பத்து ஓடுகள் உடைந்தன. அங்கே அப்போது எவரும் இல்லாதது இறைவன் அருள். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. உடைந்த ஓடுகளைத் தானே பொறுக்கினாள். அந்த மௌனம் ஏச்சைவிடக் கடினமாயிருந்தது.

இரண்டாம் முறை எங்களுக்குக் கைகொடுத்தவர் பக்கத்துத் தெருவில் வாழும் கத்தோலிக்கச் சம்மாட்டியார். எழுபத்தைந்தைக் கடந்தவர், பாய்த்தோணிக் காலத்தைக் கண்டவர். வளவைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மாஸ்டர், இது பாய்மரந்தானே? பாய் இல்லாத பாய்மரம். இதுக்கு ஏன் இவ்வளவு புத்தகம்?" என்றார். எங்களிடமிருந்த புத்தகங்களோ எல்லாம் ஆங்கிலத்தில். அவற்றில் படம் வரைந்து விளக்கியிருந்த பெரும்பாலானவற்றை அவர் கை முன்பே அறிந்திருந்தது. இழுகம்பி மூன்று திசையில், சம இடைவெளியில் நிற்க வேண்டும் என்றார். கம்பத்தின் அடியிலிருந்து 30 அடி தள்ளி, மணலில் நாலடிக் குழி தோண்டி, குறுக்காகப் பனங்குற்றி புதைத்து, கல் நிரப்பி மூடச் சொன்னார். நாங்கள் குற்றிக்குப் பதிலாகக் கொங்கிறீட் கட்டை புதைத்தோம். கறையானைப் பற்றி அவரே நினைவூட்டினார். கம்பத்தின் அடியில் சீமெந்துக் கட்டில் ஒரு கீல் பொருத்தி, படுத்திருக்கும் கம்பத்தைக் கப்பிக் கயிற்றால் இழுத்து நிமிர்த்துவது என்று முடிவாயிற்று. நிலத்தைவிட்டு எழும் முதற் கணத்தில்தான் கயிற்றின் பாரம் மிகக் கூடுதல் என்பதைப் பாய் ஏற்றும் ஆஞ்சான் கயிற்றைப் பிடித்த கை மறக்குமா? எட்டுப் பேர் நின்றோம். கம்பத்தின் கீழ் எவரும் நிற்கக் கூடாதென்று அவர் இட்ட கட்டளையைச் சிறுவர்களும் மீறவில்லை. வீதியோரத்து மின்கம்பி, கம்பம் எப்பக்கம் வீழினும் எட்டாத தொலைவில் இருக்கிறதா என்று மருமகன் மூன்று முறை அளந்தான். இந்தப் பொழுதுபோக்கில் உயிர் இழந்தோரில் பலரைக் கொன்றது மின்கம்பியே என்பதை அவன் படித்திருந்தான்.

கம்பம் நிமிர்ந்த இரண்டாம் வாரம் வாசலில் இருவர் வந்து நின்றார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்பது இங்கு வேண்டியதில்லை. உரிமத்தைப் பார்த்தார்கள், கம்பத்தைப் படம் பிடித்தார்கள், எவரோடு பேசுகிறீர்கள், எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று மரியாதையாகவே கேட்டார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள். அவர்கள் போனபின் அயல்வீட்டுக்காரர் ஒருவர் இரவில் வந்து, "கழற்றி வைத்துவிடுங்கள், நமக்கேன் இது?" என்று மெல்லச் சொன்னார். உண்மையைச் சொல்வதானால், நானும் கழற்றிவிடலாம் என்றே எண்ணினேன். நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பித்தவன், சட்டப்படி நிற்கும் ஒரு கம்பத்தைக் கண்டு நடுங்கினேன். இதை எழுதக் கூசுகிறது; எழுதாமல் விட்டால் கட்டுரை பொய்யாகும்.

கம்பத்தைக் காத்தது என் துணிவன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மருமகனின் பெட்டியில் இரைச்சலினிடையே நாகப்பட்டினத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தமிழ்க் குரல். எந்த ஊர் என்று கேட்டது. சிலாவத்துறை என்றான். அது எங்கே இருக்கிறது என்று கேட்டது. முத்துக் குளித்த கரை, மன்னாருக்குத் தெற்கே, என்று இவன் விளக்கினான். தனது அலைவாங்கியும் சென்ற மழையில் வீழ்ந்ததாக அந்த மனிதர் சொல்லிச் சிரித்தார். தங்கை கையில் அகப்பையோடு கதவோரம் வந்து நின்றிருந்ததை நான் பிறகே கவனித்தேன். எங்கள் ஊரின் பெயரை அந்நியர் ஒருவர் திருத்தமாகச் சொல்லிப் பழகுவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மாலை அவள் கேட்டது ஒன்றே: மேற்குப் பக்கத்து இழுகம்பி துணி உலர்த்தும் கொடிக்கு இடைஞ்சல், அதைச் சிறிது தள்ளிக் கட்ட முடியாதா என்று. முடியாது என்றோம். கொடியை அவளே மாற்றிக் கட்டினாள்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, தொலைபேசி செயலிழந்த அம்பாந்தோட்டைக்கு இலங்கை வானொலிச் சங்கத்து அமெச்சூர்கள் சிற்றலைக் கருவியைக் கொண்டுசென்று கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். அந்தமானில், வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேயருக்கு வந்திருந்த பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண், அதே நாளில் தன் கருவியை அவசரச் சேவைக்குத் திருப்பி, உறவினரைத் தேடித் தவித்தவர்களுக்குச் செய்தி கொண்டு சேர்த்தார். அவ்வேளையில் நாங்கள் புத்தளத்து முகாமில் இருந்தோம். வடகரை ஊர்களில் அப்படி ஒரு கம்பம் நின்றிருந்தால் எத்தனை பேருக்கு உதவியிருக்கும் என்பதை நான் கணக்கிட விரும்பவில்லை. நிற்க விடப்படவில்லை என்பது மட்டும் தெரியும்.

கம்பத்தை நாட்டுவதைவிட அதைக் காப்பதே பெரும்பாடு. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. அலுமினியமும் இரும்பும் நேரே தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அரிப்பு முதலில் தொடங்குகிறது. செம்பும் நாகமும் தொட்டால் அதுவும் அப்படியே. வருடத்தில் இருமுறை, சோளகம் தொடங்குமுன்னும் வாடை தொடங்குமுன்னும், கம்பத்தைக் கீழே படுக்கவைத்து ஒவ்வொரு பூட்டையும் பார்க்கிறோம். துரு கண்ட இழைகளை மாற்றுகிறோம். இறுக்கும் திருகாணிகளுக்குக் கிறீஸ் பூசுகிறோம். கேபிள் வீட்டினுள் நுழையுமுன் ஒருமுறை தாழ்ந்து வளைய வேண்டும். இல்லையேல் மழைநீர் அதன்வழியே உள்ளே வந்துவிடும். இடி முழங்கினால் கேபிளைக் கழற்றி வெளியே போட வேண்டும். செம்புக் கோல்கள் மூன்றை மண்ணில் அடித்து ஒன்றோடொன்று இணைத்திருக்கிறோம். உலர்ந்த மணலில் ஒன்று போதாது, ஈரம் காணும் ஆழம்வரை போக வேண்டும். இழுகம்பி அளவுக்கு மேல் இறுகினால் கம்பம் நசுங்கும், தொய்ந்தால் ஆடும். சம்மாட்டியார் அதை விரலால் சுண்டி, ஒலியைக் கேட்டே முடிவு சொல்கிறார். அந்தச் செவி எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

எனக்கு உரிமம் இல்லை. ஆதலால் பெட்டியின் அருகே அமர்ந்து கேட்பேன்; பேசுவதில்லை. எழுபது வயதில் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றால் சிலர் சிரிக்கிறார்கள். மோர்ஸ் குறியீட்டைக் கட்டாயமாக்கும் சர்வதேச விதி 2003இலேயே நீங்கிவிட்டது என்பது என் போன்றவர்க்கு ஒரு சலுகை. ஆங்கிலப் புத்தகத்தின் பக்கங்களை மருமகனும் நானும் தமிழில் எழுதி வைத்துக்கொள்கிறோம். பாடசாலைப் பிள்ளைகள் இருவர் அந்தக் கொப்பியை இரவல் வாங்கிப் போயிருக்கிறார்கள், இன்னும் திருப்பித் தரவில்லை.

வாடை தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கம்பத்தை இறக்க வேண்டும். சம்மாட்டியார் ஞாயிறு பூசை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தங்கை எட்டுப் பேருக்குச் சமைப்பதா, பத்துப் பேருக்கா என்று கேட்கிறாள்.