கடிகாரச் சத்தம் கேக்கா?

ஊரிலிருந்து முதல் தடவையாகச் சென்னைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது எதை? எல்.ஐ.சி. கட்டடம்? ஸ்பென்ஸர்? இல்லை ஸார், ஒரு சமாதியை!

நானும் அப்படித்தான். 1992. பத்து வயசு. கோவில்பட்டியிலிருந்து அப்பாவும் மாமாவும் கூட்டி வந்திருந்தார்கள. மெரினாவில் எம்.ஜி.ஆர். சமாதி மேல் ஆளாளுக்குக் காதை வைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவர் கட்டியிருந்த வாட்ச் இன்னும் ஓடுகிறதாம்.

"ஏல, காத நல்லா அழுத்தி வச்சுக் கேளு. கேக்கா?" என்றார் மாமா.

எனக்குக் கேட்டது கடல் சத்தமும் சுண்டல்காரர் சத்தமும்தான். பின்னால் கூட்டம் நெருக்குகிறது. "கேக்கு மாமா" என்று புளுகிவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தன் கையிலிருந்த ஹெச்.எம்.டி. வாட்சை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டார்.

2005-ல் வேலை கிடைத்து வந்து சேர்ந்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷன். மூன்று பேருக்கு இரண்டு கட்டில், ஒரு ஃபேன். வார நாட்களில் திட்டுவதற்காவது மேனேஜர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது. சாயங்காலம் மெஸ்ஸும் மூடியிருக்கும். சினிமாவுக்குப் போனால் இருபதாம் தேதிக்கு மேல் சிங்கிள் டீதான். காசு கேட்காமல் உட்கார விடுகிற இடம் பார்க் ஒன்றுதான் என்று கண்டுபிடித்தேன்.

முதலில் லஸ் நாகேஸ்வரராவ் பார்க். அமிர்தாஞ்சனம் கண்டுபிடித்த காசிநாதுனி நாகேஸ்வரராவின் பெயர். சென்னையில் ஒரு பார்க்குக்குத் தலைவலித் தைலக்காரரின் பெயரை வைத்தவர் தீர்க்கதரிசிதான். காலையில் போனால் ரிட்டயரான பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை வைத்துக்கொண்டு நாட்டை நிர்வாகம் பண்ணிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் அடையாறு தியசாஃபிகல் சொசைட்டி ஆலமரம். நானூறு வருஷத்துக்கு மேற்பட்டது. அடிமரம் 1989 புயலில் விழுந்துவிட்டது. ஆனால் மரம் இருக்கிறது. விழுதெல்லாம் தனித்தனி மரமாகி ஊன்றி நிற்கிறது. 'நான் ஒருநாள் வராவிட்டால் இந்த ஆபீஸே ஓடாது' என்கிற மேனேஜர்கள் ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்க்கலாம்.

கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் மேரீஸ் சர்ச்சில்தான் கல்லறைப் பைத்தியம் பிடித்தது. 1680-ல் திறந்த சர்ச். வாசலில் நடந்தால் காலுக்கடியில் எழுத்து. குனிந்து பார்த்தால் தரை முழுக்கக் கல்லறைக் கல்! பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி கட்டிய இடத்தில் இருந்தது. 1758-59-ல் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டபோது, கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு சுட்டார்கள். சண்டை ஓய்ந்ததும் வெள்ளைக்காரர்கள் கல்லறைகளை இடித்து, கல்லை மட்டும் சர்ச்சுக்குக் கொண்டுவந்து பதித்துவிட்டார்கள்.

அந்த இடுகாட்டில் எலிஹு யேலின் மகன் டேவிட்டைப் புதைத்தது 1688-ல். பையனுக்கு நாலு வயசுதான். அப்பா யேல் 1672-ல் கம்பெனிக்கு 'ரைட்டர்' வேலைக்கு வந்தவர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை, நம்ம மாதிரி குமாஸ்தா. வருஷத்துக்குப் பத்து பவுண்டு சம்பளம். கவர்னராகி, சம்பாதித்து, புகார்களில் சிக்கிப் பதவி பறிபோய் ஊர் திரும்பினார். அவர் கொடுத்த நன்கொடைக்காக 1718-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதுதான் யேல் பல்கலைக்கழகம். பெயர் நிலைத்துவிட்டது. பையன் சென்னை மண்ணோடு போய்விட்டான்.

இதையெல்லாம் போனில் சொன்னால் அப்பா ரசித்துக் கேட்பார். "அடுத்த தடவ நானும் வாரேன்டா, காட்டு" என்பார்.

2009 மார்ச். வருஷக் கணக்கு முடிக்கிற நேரம். அம்மா போன் பண்ணினாள். "அப்பாவுக்கு ஒரு மாதிரியா இருக்குய்யா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

"மார்ச் முடியட்டும்மா. ஒண்ணாந்தேதி ராத்திரி ரயில் ஏறிடறேன்."

அப்பா ஒண்ணாந்தேதி வரை இருக்கவில்லை.

ஆபீஸைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் லீவே கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஊருக்குப் போவதே குறைந்துவிட்டது. அம்மா முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. பார்க்குக்கும் போகப் பிடிக்கவில்லை. எல்லா பெஞ்சிலும் அப்பா வயசில் யாராவது உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் போன போக்கில் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். கத்திப்பாரா தாண்டி, பூந்தமல்லி ரோட்டில் இருக்கிறது. வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாக 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள். இரண்டாம் உலகப் போரில் இறந்து, தெற்கிலும் கிழக்கிலும் ஊர் ஊராகப் புதைக்கப்பட்டிருந்தவர்களை 1952-ல் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அதிகாரியோ சிப்பாயோ எல்லாருக்கும் ஒரே அளவு கல். அந்த ஒன்றுக்காகவே எனக்கு இடம் பிடித்துப்போனது.

ஒவ்வொரு கல்லாகப் படித்தேன். பெயர், படைப்பிரிவு, வயசு. 21. 23. 19. என் மேன்ஷன் ரூம்மேட்டுகளைவிடச் சின்னப் பையன்கள். சில கல்லின் அடியில் வீட்டார் சொல்லி அனுப்பிய ஒரு வரி.

புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் கேட்டார்: "யாராச்சும் சொந்தமா ஸார்?"

"இல்லீங்க. சும்மா படிக்கிறேன்."

"படிங்க, படிங்க. படிக்கத்தானே எழுதி வச்சிருக்கு. இவங்க வூட்லேர்ந்து எத்தினி பேரால வந்து பாத்திருக்க முடியும்?"

புல் ஓரமாக உட்கார்ந்தேன். அப்பாவுக்குக் கல் கிடையாது. சாம்பலைத் தாமிரபரணியில் கரைத்தோம். எனக்கென்று மிச்சமிருந்தது அந்த ஹெச்.எம்.டி. வாட்ச். தினமும் காலையில் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்வேன். தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்துகொண்டு மீனம்பாக்கத்தில் இறங்கிப் போனது. அடுத்தது வருவதற்குள் ஒரு நிமிஷம் அமைதி. முகவாயைக் கையில் தாங்கியிருந்தேன். காதருகே டிக் டிக்கென்று கேட்டது.

இந்தத் தடவை நிஜமாகவே கேட்டது மாமா.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் பண்ணி, "வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் வரேன்மா, பத்து நாள் இருக்கேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "மார்ச்சு முடிஞ்சிட்டாய்யா?" என்றாள்.

அப்போது ஆகஸ்ட்.

மறுநாள் லீவு லெட்டர் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் 'சொந்த வேலை' என்று எழுதி நீட்டினேன். மேனேஜர் ஒரு கேள்வி கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டு அடுத்த ஃபைலைப் பிரித்தார்.

அரை நிமிஷ வேலை.