ஒரே பெயர், கடைக்கொரு அடுப்பு

 

சாத்தான்குளம் கடைவீதியில் முப்பத்தொரு ஆண்டுகள் பாத்திரக் கடை நடத்தியவன் நான். தேக்சா, அண்டா, சருவம், குத்துப்போணி என்று எடை போட்டு விற்றே காலம் கழிந்தது. அப்படிப்பட்டவன் அமெரிக்க அடுப்பைப் பற்றி எழுத வருவானேன் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் தம்மாமிலோ துபாயிலோ டல்லாஸிலோ இருப்பார்கள். பெரிய கடைக்குள் நுழைந்து, ஒரே பெயர் தாங்கிய நான்கு பொருள்களுக்கு முன்னால் திகைத்து நின்று, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியிருப்பார்கள். எனக்கும் அப்படியோர் அழைப்பு வந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஹூஸ்டன் நகரில் வாழும் என் மகள் இஷாத் தொழுகைக்குப் பின் பேசினாள்.

“வாப்பா, ஒரு அடுப்பு வாங்கப் போறோம். மூணு கடையில பார்த்தோம். மூணுலயும் ஒரே கம்பெனிப் பேருதான் போட்டிருக்கு. ஒண்ணு 350 டாலர், ஒண்ணு 500, ஒண்ணு 800. எதை வாங்க?”

அந்த ஆண்டு அவர்கள் ஊருக்கு வருவதாக இருந்தது. மருமகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. விமானச் சீட்டுக்கென ஒதுக்கி வைத்த தொகையிலிருந்துதான் இந்த அடுப்பு வாங்கப்படவிருந்தது. குர்பானிக்குப் பண்ணை ஒன்றில் மாடு பேசியிருந்தார்கள். மாட்டின் நெஞ்சுக்கறியை இரவு முழுதும் புகையில் வேக வைத்து, பள்ளிவாசல் நண்பர்கள் மூன்று குடும்பத்தாரை அழைத்து விருந்து கொடுக்க வேண்டும் என்பது மருமகனின் ஆசை. பேரக் குழந்தைகளுக்கு ஊர்ப்பயணம் இல்லாத குறையை அது சற்று ஆற்றும் என்று அவர் எண்ணினார். ஆகவே அடுப்பு இடை வழியில் அணைந்தால் வீணாவது பணம் மட்டுமல்ல, குர்பானிக் கறியும்தான்.

பெல்லட் கிரில் என்பது அந்த அடுப்பின் பெயர். மரத்தூளை அழுத்தி, பென்சில் பருமனில் சிறு சிறு துண்டுகளாக்கிய எரிபொருள் அதற்கு உண்டு. பக்கத்தில் இருக்கும் தொட்டியில் அதைக் கொட்டிவிட வேண்டும். மின் மோட்டார் ஒரு திருகுதண்டைச் சுழற்ற, துண்டுகள் சிறிது சிறிதாக நடுவிலுள்ள நெருப்புக் கிண்ணத்தில் போய் விழும். சூட்டுக்கம்பி ஒன்று பற்ற வைக்கும். விசிறி காற்றூதும். உள்ளே எவ்வளவு சூடு என்பதை ஒரு கருவி அளந்து, குறைந்தால் துண்டுகளைக் கூடுதலாகத் தள்ளும், மிகுந்தால் நிறுத்தும். ஏறத்தாழ 80 டிகிரி சென்டிகிரேடு முதல் 260 டிகிரி வரை விரும்பிய சூட்டில் நிறுத்தலாம். மின்சாரம் இல்லாவிட்டால் அது வெறும் இரும்புப் பெட்டி.

புகையில் உணவைப் பதப்படுத்துவது நமக்குப் புதிதன்று. நம் கடற்கரை முஸ்லிம் வீடுகளில் மணக்கும் மாசி என்ன? சூரை மீனை வேக வைத்து, புகையூட்டி, வெயிலில் காய வைத்ததுதானே! தேரிக்காட்டு விடிலிகளில் பதநீர் காய்ச்சியவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தீ சீராக இருந்தால்தான் கருப்பட்டி கருப்பட்டியாக வரும். அடுப்புக்கு முன்னால் ஓர் ஆள் கண்விழித்துக் காத்திருப்பார். அந்த ஆளின் வேலையை இங்கே ஒரு திருகும் விசிறியும் பார்க்கின்றன, அவ்வளவே.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜோ ட்ரேகர் என்பவர் இதற்கு வழிகண்டு, 1986-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். இருபது ஆண்டுக் காலம் அந்தத் துறை பெரும்பாலும் அவர் நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. 2006-ஆம் ஆண்டளவில் காப்புரிமை காலாவதியானதும் பிறரும் இறங்கினர். பிட் பாஸ் போன்ற பெயர்கள் எழுந்தன, விலை இறங்கியது. அதன் பின்னர்தான் பெருங்கடைகள் “எங்களுக்கென்று தனியாகச் செய்து தாருங்கள்” என்று கேட்கத் தொடங்கின. பிட் பாஸின் ப்ரோ வரிசை லோஸ் கடைக்கு. அதே பிட் பாஸின் வேறு மாடல்கள் வால்மார்ட்டுக்கு. ட்ரேகர் அடுப்பிலேயே காஸ்ட்கோவில் மட்டும் கிடைக்கும் மாடல்கள் உண்டு. சாம்ஸ் கிளப்போ தன் சொந்தப் பெயரான மெம்பர்ஸ் மார்க் என்பதையே பொறித்து விற்றது.

ஏன் இப்படி? அங்கே பல கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. “இதே பொருள் வேறு கடையில் மலிவாகக் கிடைத்தால் அந்த விலைக்கே தருகிறோம்” என்பார்கள். ஆனால் மாடல் எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கடையில் மட்டுமே உள்ள மாடலுக்கு வேறு எந்தக் கடையில் விலை கேட்பீர்கள்? பக்கத்தில் ஒரு தட்டைச் சேர்த்து, நிறத்தை மாற்றி, எண்ணை மாற்றிவிட்டால் ஒப்பிடும் வழியே அடைபட்டுப் போகிறது. “300 டாலர் தள்ளுபடி” என்று எழுதியிருந்தாலும், எந்த விலையிலிருந்து தள்ளினார்கள் என்பதை அந்தக் கடை ஒன்றுதான் அறியும்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, நெஞ்சு சுருக்கென்றது. ஏனென்றால் நானும் இதைச் செய்தவன்.

எங்கள் கடைப் பெயரை முத்திரையிட்ட எவர்சில்வர் அண்டாக்களைத் தனியாகச் செய்யச் சொல்லி வாங்கினேன். பக்கத்துக் கடைகளில் விற்றவை 22 கேஜ் தகடு. நான் செய்யச் சொன்னவை 24 கேஜ். தொழில் தெரியாதவர்கள் 24 என்றால் கூடுதல் கனம் என்று நினைத்துக் கொள்வார்கள். உண்மை தலைகீழானது. கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும். 22 என்பது 0.7 மில்லிமீட்டர், 24 என்பதோ 0.56 மில்லிமீட்டர்தான். நான் பொய் சொல்லவில்லை, 24 என்றே சொல்லி விற்றேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. ஒரு தாய் தன் மகள் திருமணத்துக்கென மூன்று அண்டாக்கள் வாங்கிப் போனார். பின்னர் ஒரு நாள் அடி புடைத்துப்போன ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, “நம்ம கடைன்னுதானே பேரைப் பார்த்து வாங்கினேன்” என்றார். மாற்றிக் கொடுத்தேன். மற்ற இரண்டையும் கொண்டுவரச் சொன்னேன், அவர் வரவேயில்லை. அதற்குப் பிறகு அந்தச் சரக்கை வாங்குவதை விட்டேன்.

அதனால்தான் மகளிடம், “பேரைப் பார்க்காதே, விலையையும் அப்புறம் பாரு. முதல்ல மூடியைத் தூக்கிப் பாரு” என்றேன்.

மூடி கனமாக இருந்தால் சூடு நிற்கும். மெல்லிய தகடு காற்றடித்ததும் குளிர்ந்துவிடும், அதை ஈடுகட்ட எரிபொருள் அதிகம் செலவாகும். கடைகள் தகட்டின் கனத்தை எழுதி ஒட்டுவதில்லை, ஆனால் அட்டைப்பெட்டியில் மொத்த எடை அச்சிடப்பட்டிருக்கும். ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு அடுப்புகளில் ஒன்று பத்துக் கிலோ குறைவாக இருந்தால், அந்தப் பத்துக் கிலோ எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். பாத்திரம் எடை போட்டு வாங்கிய நம் உம்மாமார்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது பரப்பு. இந்த அடுப்புகளின் பெயரோடு ஓர் எண் ஒட்டிக்கொண்டிருக்கும். அது பெரும்பாலும் மேல்தட்டையும் சேர்த்துக் கூட்டிய சதுர அங்குலக் கணக்கு. 575 என்று பெயரிட்ட ட்ரேகர் அடுப்பு ஒன்றில் கீழ்த்தட்டு 22-க்கு 19 அங்குலம், அதாவது 418 சதுர அங்குலம்தான். மிச்சம் மேலே உள்ள ஒடுக்கமான தட்டு. முழு நெஞ்சுக்கறியை அந்த மேல்தட்டில் வைக்க முடியாது. நீள அகலத்தை டேப் வைத்து அளந்து வரச் சொன்னேன். 500 டாலர் அடுப்பும் 800 டாலர் அடுப்பும் கீழ்த்தட்டில் இரண்டு அங்குலமே வேறுபட்டன என்று அவள் வியப்போடு சொன்னாள்.

தொட்டியின் கொள்ளளவை யாரும் கவனிப்பதில்லை. நெஞ்சுக்கறி 107 டிகிரியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்து, உட்சூடு 95 டிகிரி அளவுக்கு ஏறினால்தான் பஞ்சாக வேகும். அந்தச் சூட்டில் மணிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ எரியும். பதினான்கு மணி நேரத்துக்கு ஏழு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கிலோ மட்டுமே கொள்ளும் தொட்டி என்றால் நள்ளிரவில் எழுந்து நிரப்ப வேண்டும். தூங்கிவிட்டால் தீ அணையும். 60 டிகிரிக்குக் கீழே பல மணி நேரம் கிடந்த கறியை விருந்தினருக்குப் பரிமாற முடியுமா? 350 டாலர் அடுப்பின் தொட்டி சிறியது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதை ஒதுக்கினோம்.

உதிரிப் பாகங்களைப் பற்றி நான் கூடுதலாகவே வற்புறுத்தினேன். அதற்கு எங்கள் வீட்டில் ஒரு பழைய காயம் உண்டு. என் மனைவிக்கு இளைப்பு நோய். விறகடுப்பில் கங்கு போட்டுத் தம் வைப்பதும் பணியம் சுடுவதும் அவளுக்கு ஆகாது என்று, நகரத்துப் பெரிய கடை ஒன்றில் அந்தக் கடையின் சொந்தப் பெயர் பொறித்த மின் ஓவன் ஒன்றை வாங்கினேன். இரண்டாம் ஆண்டில் சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகம் பழுதாயிற்று. “அந்த மாடல் இப்ப வர்றதில்ல” என்றார்கள். யார் செய்தது என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியவில்லை. நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, பொட்டலமிட்டு விற்கும் பொருளில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அது இருந்திருக்கும். பெட்டியை நான் வாங்கிய அன்றே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம் என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். அவள் மறுபடி விறகடுப்பின் முன் அமர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். நீங்களாவது பெட்டியை வைத்திருங்கள், குறைந்தபட்சம் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வையுங்கள்.

ஆகவே மகளிடம் திருகுதண்டு மோட்டார், சூட்டுக்கம்பி, விசிறி, கட்டுப்பாட்டுக் கருவி ஆகிய நான்கின் பாக எண்களையும் கேட்டு வாங்கச் சொன்னேன். கடைக்கெனத் தனியாகச் செய்த மாடலாயினும், அந்த நான்கும் எல்லாக் கடைகளிலும் விற்கும் மாடலின் பாகங்களாகவே இருந்தால் அச்சமில்லை. கடை அந்த வரிசையை நிறுத்தினாலும் பாகம் கிடைக்கும். 800 டாலர் அடுப்பின் கட்டுப்பாட்டுக் கருவி அந்த மாடலுக்கு மட்டுமே உரியது என்று தெரிந்தது. 500 டாலர் அடுப்பில் நான்கும் பொதுவானவை.

இதற்கிடையில் ஓர் ஆசை குறுக்கிட்டது. காட்சிக்கு வைத்திருந்த அடுப்பைப் பாதி விலைக்குத் தருவதாக ஒரு கடையில் சொன்னார்கள். அது 800 டாலர் அடுப்புதான். மருமகன் உடனே இணங்கிவிட்டார். மகள்தான், “இதில் சமைத்துக் காட்டினீர்களா? எதைச் சமைத்தீர்கள்?” என்று விற்பனையாளரிடம் கேட்டிருக்கிறாள். அவர் மறைக்காமல், வாடிக்கையாளர்களுக்குச் சுவைக்கக் கொடுக்கப் பன்றி இறைச்சி சுட்டதைச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். அத்தகைய அடுப்பைத் தூய்மையாக்கிப் பயன்படுத்தலாமா என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள், பாத்திரக்காரனிடம் கேட்காதீர்கள். ஆனால் வெளிநாட்டில் காட்சிப் பொருளோ, ஒருவர் பயன்படுத்திய பொருளோ வாங்குமுன் அந்தக் கேள்வியைக் கேட்க மறவாதீர்கள்.

கடைசியில் வாங்கியது 500 டாலர் அடுப்பை. அதுவும் ஒரே ஒரு கடையில் மட்டும் விற்கும் மாடல்தான்! கடைக்கெனச் செய்ததெல்லாம் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. சில வேளைகளில் அதே பணத்துக்குப் பெரிய தொட்டியும் நல்ல தட்டும் கிடைக்கின்றன, திருப்பிக் கொடுக்கும் வசதியும் தாராளமாக இருக்கிறது. எதைக் கூட்டினார்கள், எதைக் குறைத்தார்கள் என்று பார்த்து வாங்கினாள் என்பதுதான் எனக்கு மனநிறைவு.

ஹூஸ்டன் ஈரக்காற்று வீசும் ஊர். மரத்தூள் துண்டு ஈரம் பட்டால் ஊதி, திருகுதண்டை இறுக்கிவிடும். ஆகவே சமைத்து முடித்ததும் தொட்டியைக் காலி செய்து, மிச்சத்தை மூடியுள்ள வாளியில் வைக்கச் சொன்னேன். பெருநாளுக்கு முந்திய வாரம் ஒரு கோழியை வைத்து ஒத்திகையும் பார்த்தார்கள்.

பெருநாளன்று பிற்பகல் கறி வந்து சேர, இரவு அடுப்பில் ஏற்றினார்கள். ஃபஜ்ருக்கு எழுந்த மகள் முதலில் ஓடிப் பார்த்தது அடுப்பைத்தான். தீ நின்றிருந்தது, தொட்டியில் இன்னும் ஓரிரு பிடி இருந்ததாம். மறுநாள் பகல் மூன்று குடும்பங்களும் உண்டார்கள், அல்ஹம்து லில்லாஹ். ஓரங்கள் சற்றுக் காய்ந்துபோனதாக மருமகன் குறைப்பட்டுக்கொண்டார்.

தொலைபேசியில் படம் வந்தது. கரிபிடித்தது போலக் கறுத்துக் கிடந்த அந்தக் கறித்துண்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்த என் மனைவி, “மசாலா போடலியா? உப்பும் மிளகும்தானா? மாசி மணம் வந்துச்சான்னு கேளுங்க” என்றாள். கேட்டேன். வந்ததாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது சூரை மீன் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறாள், இங்கேயே புகையூட்டிப் பார்க்க வேண்டுமாம். அதற்கு அடுப்பு எங்கிருந்து வரும் என்று இருவருமே யோசிக்கவில்லை.