தரங்கம்பாடி: அலை மறையாத ஒரு லாங் எக்ஸ்போஷர்

தரங்கம்பாடி என்ற பெயருக்கு ‘அலைகள் பாடும் இடம்’ என்று பொருள் சொல்வார்கள். லாங் எக்ஸ்போஷர் எடுக்க இங்கே கேமராவோடு வருபவர்கள் முதலில் காணாமல் ஆக்குவது அந்த அலையைத்தான்!

ஷட்டரை 30 வினாடி திறந்துவைத்தால் நுரை, அலை, கரையில் நடக்கும் ஆட்கள் எல்லாம் கரைந்துபோகும். அசையாமல் நின்ற பொருள் மட்டுமே மிஞ்சும். ஆக, கல்லோ சுவரோ கோபுரமோ, மிஞ்சுகிற பொருள்தான் மொத்தப் படத்தையும் தாங்க வேண்டும். அதை யோசிக்காமல் எடுத்த படத்தில் நடுவே ஒரு கோடு, கீழே வெள்ளைத் துணி விரித்தாற்போல் தண்ணீர், அவ்வளவுதான். கேமரா விலையைக் கூட்டினாலும் இந்தக் குறை தீராது.

தரங்கம்பாடியில் மிஞ்சும் பொருளுக்குப் பஞ்சமில்லை. 1620-ல் டேனிஷ்காரர்கள் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. கரையோரமாகவே நடந்தால், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ விழுங்கிவிட்டது. மிச்சத்தைக் காக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இந்தப் பாறைகளிடம்தான். எல்லாவற்றையும் சேர்த்துப் படத்துக்குள் கொண்டுவந்தால் கட்டட வேலைக்கு இறக்கிய ஜல்லிபோலத் தெரியும். கூட்டத்திலிருந்து சற்றே விலகி, நாலா பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஒற்றைக் கல் கிடைக்கிறதா என்று தேட வேண்டும். கிடைத்ததும் ட்ரைபாடின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். தாழ வைத்தால் கல்லின் தலை அடிவானத்தில் முட்டி, கல்லும் வானமும் ஒட்டிக்கொள்ளும். ஓர் அடி உயர்த்தினால் இரண்டுக்கும் நடுவே தண்ணீர் தெரியும். அந்தச் சின்ன இடைவெளியில்தான் படத்துக்கு ஆழம் வருகிறது.

கேமராவைக் கடலுக்கு நேராகத் திருப்புவதைவிட, கரையின் போக்கிலேயே பார்க்கும்படி வைப்பது நல்லது. ஒரு பக்கம் கோயில், மறுபக்கம் கடல், நடுவே வளைந்து போகும் நுரைக் கோடு. கண் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கோயில்வரை போய்விடும். கிழக்குக் கடற்கரை என்பதால் காலைச் சூரியனின் ஒளி கோயில் முகப்பிலேயே விழும். அடிவானம் மட்டும் சாயக் கூடாது. அரை டிகிரி சாய்ந்தாலும் கடல் ஒரு பக்கம் வழிவதுபோல உறுத்தும்.

இனி ஷட்டர். கடலைப் பனிமூட்டம்போல ஆக்க 2 நிமிடம் திறந்துவைப்பது இன்று ஃபேஷன். அமைதியான ஏரிக்கு அது அழகு. கோயிலையே கொண்டுபோன, 2004 டிசம்பர் 26 அன்று ஊருக்குள் புகுந்து உயிர்களை வாரிச் சென்ற கடலை அப்படிப் பாலாடையாகக் காட்டினால், அது எந்த ஊர்க் கடலாகவும் இருக்கலாம். தரங்கம்பாடிக்கு அரை வினாடியிலிருந்து 2 வினாடிவரை போதும். அலை வந்து மோதும்போது கிளிக் செய்யாமல், மோதிவிட்டுத் திரும்பத் தொடங்கும் கணத்தில் செய்ய வேண்டும். கற்களுக்கு இடையே நுரை இழை இழையாகப் பின்வாங்கும். அந்த இழைகளே கண்ணைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும். அலையின் இழுப்பும் படத்தில் தங்கிவிடும்.

விடியலுக்கு முந்தைய வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வைத்தாலே இந்த வேகம் வந்துவிடும். சூரியன் எழுந்த பிறகு என்.டி. ஃபில்டர் தேவை. 6 ஸ்டாப் ஃபில்டர் நேரத்தை 64 மடங்காக்கும். அதாவது, 30-ல் ஒரு பங்கு வினாடியில் எடுக்க வேண்டிய படத்துக்கு 2 வினாடி கிடைக்கும். 10 ஸ்டாப் என்றால் ஏறக்குறைய 1,000 மடங்கு. அதே படம் அரை நிமிடத்தைத் தாண்டிவிடும்.

போன் மட்டும்தான் கையில் இருக்கிறதா? கவலை வேண்டாம். ஐபோனில் லைவ் போட்டோ எடுத்து, பிறகு ‘லாங் எக்ஸ்போஷர்’ எஃபெக்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் புரோ மோடு இருக்கிறது. போனைக் கையில் பிடிக்காமல் கல்மேல் சாய்த்துவைத்து, 3 வினாடி டைமர் போட்டால் ஆட்டம் இருக்காது.

பாசி படிந்த கற்களில் ஏறுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் அலையை எண்ணிப் பாருங்கள். நாலைந்து சின்ன அலைகளுக்குப் பிறகு திடீரென ஒரு பெரியது வரும், கால் வைக்கலாம் என்று நினைத்த கல்லையே மூடும். ஈர மணலில் ட்ரைபாட் கால்களும் மெல்லப் புதையும் என்பதால் முதலிலேயே அழுத்தி ஊன்றிவிட வேண்டும்.

எடுத்த படத்தை அங்கேயே ஜூம் செய்து கல்லைப் பாருங்கள். தண்ணீர் கலங்கியிருக்கலாம், கல் கலங்கியிருக்கக் கூடாது. கலங்கியிருந்தால் காற்றில் ட்ரைபாட் ஆடியிருக்கிறது. கேமரா பையை அதன் நடுக்கம்பியில் தொங்கவிட்டு, அடுத்த அலை திரும்பும்வரை காத்திருக்கலாம்.