திரும்ப மறுத்த சக்கரம்

2008 ஆம் ஆண்டின் இறுதியில் கிளிநொச்சியை விட்டுப் பெயர்ந்தபோது, எஞ்சின் கழற்றப்பட்டுக் கிடந்த எமது தந்தையாரின் உழவு இயந்திரத்தை வேப்பமரத்தடியிலேயே விட்டுச் சென்றோம். 2010 இல் அம்மாவும் நாமும் மீண்டோம், தந்தையார் மீளவில்லை. இயந்திரம் மாத்திரம், டயர்களையும் பற்றரியையும் இழந்து, நின்ற இடத்திலேயே நின்றது.

1964 இல் வெளிவரத் தொடங்கிய மாசி பெர்குசன் 135 வகை அது. பழைய இரும்புக்கு விற்றுவிடும்படி பலர் கூறினர், அம்மா இசையவில்லை. 2022 இன் எரிபொருள் நெருக்கடியில் வாடகை உழவின் கூலி ஏறி, எமது இரண்டு ஏக்கர் வயலின் விளைவையே விழுங்கத் தலைப்பட்டபோது, அடுத்த காலபோகத்திற்கு முன் அதனை ஓடச்செய்வதென முடிவுசெய்தோம். எஞ்சின் ஒருவாறு இணங்கியது, ஸ்டியறிங் இணங்கவில்லை.

தமிழ்ச் சிறப்புப் பட்டம் பெற்ற நாம், பெட்டிக்குள் பற்சக்கரம் இறுகிவிட்டதென்று தீர்ப்புக் கூறினோம். அயலூரிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணை சிரிக்கவில்லை. “முதல்ல தண்டைக் கழற்றிப் பாப்பம், மாஸ்ரர்” என்றார். பெட்டியின் இருபுறமுமிருந்து முன்சக்கரங்களுக்குச் செல்லும் நீண்ட தண்டுகளைப் பிரித்தால், குற்றம் பெட்டியிலா சக்கரத்திலா என்பது தெரிந்துவிடும். தண்டின் நுனியிலுள்ள பந்து மூட்டு கூம்புத் துளையில் இறுகியிருந்தது. நாம் ஆர்வமிகுதியால் மரையின் தலையிலேயே அடித்தோம், மரை நசுங்கியது.

“அதில அடிக்கப்படாது, மாஸ்ரர்.” எம்மை விலக்கி, கூம்பைப் பற்றியிருக்கும் கண்ணின் ஒரு பக்கத்திற் கனத்த சுத்தியலை முட்டுக்கொடுத்து, மறுபக்கத்தில் அடித்தார். இரண்டாம் அடியில் மூட்டு தானாகவே நழுவியது. ஸ்டியறிங் இலகுவாகச் சுழன்றது. குற்றம் முன்னச்சின் இரு அந்தங்களிலும் சக்கரத்தைத் திருப்பும் குத்தச்சுகளில் இருந்தது. ஆண்டுக்கணக்கில் கிறீஸ் காணாமல், மழைநீர் இறங்கி, அவை புஷ்ஷோடு துருவால் ஒட்டியிருந்தன.

மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி மூன்று நாட்கள் பொறுத்தோம். பொறுத்தவர் அவர், நாம் நாள்தோறும் பாடசாலை விட்டதும் சுத்தியலைத் தேடினோம் என்பதே உண்மை. பின்னர் எண்ணெயைத் துடைத்து, அச்சின் உறையைச் சூடாக்கி, சக்கரத்தை முன்னும் பின்னும் நெல்லளவு அசைத்து, மேலே மரக்கட்டை வைத்து அடித்து, அன்று மாலைக்குள் வலப்பக்க அச்சை இறக்கிவிட்டார். இரண்டு புஷ்களுக்கும் நடுவே, நீர் எட்டாத இடத்தில், கறுத்த கிறீஸ் இன்னமும் இளக்கமாய் இருந்தது. அதனை ஏற்றிய கை தந்தையாருடையது. அண்ணை துணியை எடுத்தார். “கொஞ்சம் பொறு தம்பி” என்றார் அம்மா. அவர் பொறுத்தார்.

அவர் கேட்ட கூலி, எம்மவர் ஒரு மாணவனிடம் ஒரு மாத ரியூசனுக்கு வாங்கும் தொகையிலும் குறைவு. அவரைப் ‘படியாதவர்’ என்று கூறும் வழக்கம் எமது ஆசிரியர் அறையில் உண்டு, நாமும் கூறியதுண்டு.

இடப்பக்க அச்சு தேய்ந்திருந்தமையால் புதிய புஷ் தேடுவதில் ஒரு வாரம் கழிந்தது. மழைக்கு இரண்டு நாள் முன்பு வேலை முடிந்தது. அம்மா இருக்கையில் ஏறவில்லை. நிலத்தில் நின்றபடியே எட்டிச் சக்கரத்தைப் பிடித்து, இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார்.