அக்கா பேசாதிருந்த ஆறு மாதங்கள்

தேர்வில் ஒரு வினாவுக்கு முழு மதிப்பெண் பெற்றேன். அதே வினாவை என் அக்கா கேட்டபோது விடை தெரியாதவனைப்போல் தலைகுனிந்து நின்றேன். அந்த வெட்கத்தை உங்களிடம் சொல்லிக்கொள்ளவே இதை எழுதுகிறேன், நண்பர்களே.

முதுகலை விலங்கியல் முதலாண்டில் மரபியல் தாள். 'டவுன் சிண்ட்ரோம் எவ்வாறு தோன்றுகிறது?' என்பது வினா. மனித உயிரணுவில் இருக்கவேண்டிய குரோமோசோம்கள் 46. இருபத்தோராவது குரோமோசோம் இரண்டாக இருப்பதற்குப் பதில் மூன்றாக அமைந்துவிட்டால் மொத்தம் 47 ஆகிவிடுகிறது. ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் 1866இல் இந்நிலையை விவரித்து எழுதினார். அதன் காரணத்தைப் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் 1959இல் வெளியிட்டனர். இவ்வளவையும் எழுதினேன். படம் வரைந்து பாகங்களைக் குறித்தேன். பத்துக்குப் பத்து கிடைத்தது.

விடைத்தாள் கைக்கு வந்த அன்று மாலை வீட்டுக்குப் போனேன். வீடு என்றால் ஸ்ரீராம்புரத்தில் உள்ள என் அக்கா வீடு. நான் திருப்பத்தூர்க்காரன். பட்டப்படிப்பை ஊரிலே முடித்துக்கொண்டு, மேற்படிப்புக்காக இரண்டாண்டுகளுக்கு முன் பெங்களூருக்கு வந்தேன். ஸ்ரீராம்புரத்தை உங்களுள் பலர் அறிவீர்கள். பின்னி ஆலை, மினர்வா ஆலை என்று வேலை தேடி வந்த தமிழர்கள் குடியேறிய பகுதிகளில் அதுவும் ஒன்று. ஆலைச் சங்கு ஊதி நெடுநாளாகிறது. ஆனாலும் அந்தக் குறுக்குத் தெருக்களில் பூக்கடையிலும் மாவு மில்லிலும் இன்றும் தமிழ்தான் காதில் விழும். மாமாவின் பாட்டனார் ஆலை வேலைக்கு வந்தவர். மாமா ஆட்டோ ஓட்டுகிறார்.

அவர்களுடைய ஒரே மகன், என் மருமகன். வீட்டில் எல்லாரும் அவனைக் 'குட்டி' என்றே அழைப்போம். அப்போது அவனுக்கு வயது மூன்று நடந்துகொண்டிருந்தது. அவனுக்கு இருப்பது டவுன் சிண்ட்ரோம்தான். அன்று மாலை அக்கா அவனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"தம்பி, நீ இதைத்தானே படிக்கிறே? இவனை வயித்துல வச்சிருந்தப்போ நான் ஏதாச்சும் தின்னக்கூடாததைத் தின்னுட்டேனா? கிரகணத்தன்னைக்கு வெளியே போனதாலதான் இப்படின்னு அத்தை சொல்றாங்களே, நெசமா?"

என் பையில் பத்துக்குப் பத்து பெற்ற விடைத்தாள் இருந்தது. நான் சொன்னதோ, "அதெல்லாம் ஒண்ணுமில்லே அக்கா, அது குரோமோசோம் சம்பந்தப்பட்டது" என்ற ஒரே வாக்கியம். சொல்லிவிட்டு, படிக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டேன். அவள் கேட்டது ஒன்று. நான் கொடுத்தது அவளுக்குப் புரியாத ஒரு சொல். விஞ்ஞானம் படித்தவன் செய்யத்தக்க செயலா இது?

இதைவிடப் பெரிய பிழை ஒன்றை அடுத்துச் செய்தேன்.

குட்டிக்குப் பேச்சு வரவில்லையே என்று அக்காவும் மாமாவும் ஓரிடத்தில் ஆலோசனை கேட்டார்கள். அங்கே இருந்தவர் கண்டிப்பாகச் சொன்னார்: "வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம் என்றால் குழந்தை குழம்பிப்போகும். இவனுக்கு ஒரு மொழியே கடினம். நாளைக்குப் பள்ளிக்குப் போக வேண்டியவன். தமிழை நிறுத்திவிட்டுக் கன்னடமோ ஆங்கிலமோ பேசுங்கள்."

அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலம் அறியாதவள். அவளுக்குத் தெரிந்த கன்னடம் காய்கறிக் கடைக்குப் போதும். பிள்ளையைக் கொஞ்சுவதற்குப் போதாது. ஆயினும் பிள்ளைக்காகத் தாய் எதைத்தான் விடமாட்டாள்? தமிழை விட்டாள். தாலாட்டு நின்றது. குளிப்பாட்டும்போது கண், மூக்கு, காது என்று தொட்டுத் தொட்டுச் சொல்வாளே, அது நின்றது. காக்கை வந்தால் காட்டுவதும் நின்றது. எஞ்சியவை நாலைந்து கன்னடச் சொற்கள். "பா" என்பாள், வா என்று பொருள். "ஊட்டா" என்பாள், சாப்பாடு என்று பொருள். அவ்வளவுதான். நாள் முழுவதும் தாயும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஊமைகளாய் இருந்தார்கள்.

இதை நான் தடுத்தேனா? இல்லை. "சொன்னவர்களுக்குத் தெரியாதா அக்கா?" என்று ஆதரித்துப் பேசினேன். மல்லேசுவரத்திலிருந்து ஆங்கிலப் பட அட்டைகள்கூட வாங்கி வந்தேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டு வேதிப்பொருளுக்குக்கூட ஆதாரம் கேட்கிறவன், என் வீட்டில் ஒரு தாயின் வாயை அடைத்த கட்டளைக்கு ஆதாரம் கேட்கவில்லை.

இப்படி ஆறு மாதங்கள் ஓடின. குட்டி முன்பு எழுப்பிவந்த சிறு ஒலிகளும் குறைந்தன.

எதிர்வீட்டில் ஓர் அம்மாள் இருக்கிறார். கன்னடக்காரர், பூ கட்டி விற்பவர். அவருடைய மகளுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். வயது இருபதைக் கடந்துவிட்டது. தாயோடு அமர்ந்து அந்தப் பெண்ணும் பூத்தொடுப்பாள். ஒருநாள் அந்த அம்மாள் அக்காவின் மௌனத்தைக் கவனித்துவிட்டுக் காரணம் கேட்டார். கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஏனம்மா, பெத்தவ பேசலைன்னா பிள்ளை யார்கிட்ட கத்துக்கும்? நான் என் மககிட்ட என் பாஷையிலதான் பேசினேன். இந்தத் தெருவுல இருந்து அவளே தமிழும் கத்துக்கிட்டா. நீ உன் பாஷையிலே பேசு. கன்னடம் எங்கே போகும்? அது தெருவுல இருக்கு, தானா வரும்."

சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டார். அவள் என் அக்காவைப் பார்த்து, "அக்கா, பூ வேணுமா?" என்று தமிழில் கேட்டாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் நூலகத்துக்குப் போனேன். ஆறு மாதங்களுக்கு முன்பே போயிருக்க வேண்டிய இடம்! கனடா நாட்டு எலிசபெத் கே-ரெய்னிங் பர்டும் அவருடைய துணைவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. இரு மொழிகளிடையே வளரும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளை, ஒரே மொழியில் வளரும் அத்தகைய குழந்தைகளோடு அவர்கள் ஒப்பிட்டிருந்தார்கள். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் இரண்டாம் மொழியால் குழந்தைக்குக் கேடு வந்ததற்கு அதில் சான்று இல்லை. வேறு சிலருடைய ஆய்வுகளும் அதையே சொல்லின. பேச்சு தாமதமாவது அந்த நிலைக்கே உரியது. தாய்மொழி அதற்குக் காரணமன்று. பூ விற்கும் அம்மாள் வாழ்ந்து கண்டதையே கனடாவில் அளந்து கண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தேன். அடுக்களையிலிருந்து புளியங்கொட்டைகளை அள்ளிக்கொண்டு அக்காவின் முன் உட்கார்ந்தேன். இருபத்துமூன்று இணைகளாக அடுக்கினேன். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இருபத்தோராவது இணையில் ஒரு கொட்டையைக் கூடுதலாக வைத்தேன்.

"இவ்வளவுதான் அக்கா நடந்தது. பெரும்பாலும் கருமுட்டை உருவாகிறபோது இரண்டாகப் பிரியவேண்டியது பிரியாமல் போய்விடும். அந்தக் கருமுட்டை உருவாகத் தொடங்கியது எப்போது தெரியுமா? நீயே நம்ம அம்மா வயித்துல இருந்தப்போ. அப்புறம் அது பல வருஷம் அப்படியே நின்னு, பிறகுதான் பிரிஞ்சு முடியும். நீ தின்னதாலும் இல்லே, கிரகணத்தாலும் இல்லே. தாய்க்கு வயசு ஏற ஏற வாய்ப்பு கூடும்; ஆனா சின்ன வயசுத் தாய்மாருக்கும் பிறக்கும். யாரும் தப்புப் பண்ணலே."

அக்கா அந்தக் கொட்டைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "இதை ஏன் தம்பி மொதல்லயே சொல்லலே?"

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் விடை இல்லை.

அன்றிரவு தாலாட்டு திரும்பி வந்தது. அடுத்த காலையிலே குட்டி பேசிவிட்டான் என்று நான் எழுதினால் அது கதையாகிவிடும். பல மாதங்கள் ஆயின. எதிர்வீட்டு அம்மாள் வற்புறுத்தியதால் செவிப் பரிசோதனை செய்தோம். நடுச்செவியில் நீர் கோத்துக் காது சற்று மந்தமாக இருந்தது தெரிந்தது. அதற்கும் வைத்தியம் நடந்தது. இப்போது அவனுக்கு நாலரை வயது. வாசலில் நின்று கையை நீட்டி "பா" என்று கூப்பிடுகிறான். அது கன்னடம் என்கிறார் அத்தை. 'வா' என்பதைத்தான் பிள்ளை அப்படிச் சொல்கிறான், தமிழேதான் என்கிறாள் அக்கா. யார் கூப்பிட்டாலும் போகாத எதிர்வீட்டுப் பூனை, அவன் கூப்பிட்டால் வருகிறது.

இத்தகைய பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு உதவி எங்கே இருக்கிறது என்று அதன்பின் தேடத் தொடங்கினேன். தேடத் தேட ஓர் உண்மை விளங்கியது. இந்நாட்டில் திறந்திருக்கும் கதவுகளில் பல, பெற்றோர் தம் கையாலேயே தட்டித் திறந்தவை. மூளை முடக்குவாதம் உற்ற மகளுக்குப் பள்ளி கிடைக்காத மிது ஆலூர் 1972இல் பம்பாயில் ஒன்றைத் தொடங்கினார். அத்தகைய மகனைப் பெற்ற பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கியது இன்று 'வித்யாசாகர்' என வழங்குகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள மகளின் தாயான சுரேகா இராமச்சந்திரன் நிறுவிய இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பும் சென்னையில்தான் உள்ளது. அறிவுசார் குறைபாடு உள்ளோரின் பெற்றோர் சங்கங்கள் பல ஒன்றுகூடி 1995இல் 'பரிவார்' என்னும் அகில இந்திய அமைப்பைக் கண்டன. சென்னை மதுரம் நாராயணன் மையம் 1989 முதல் சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறது. தாயும் உடனிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அங்கே முறை.

சட்டமும் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்துகொள்ளலாம். யு.டி.ஐ.டி. என்னும் அடையாள அட்டை இந்தியா முழுவதும் செல்லும்; ஊர் மாறிப் பிழைக்க வந்த நம் போன்றவர்களுக்கு இது பெரிய வசதி. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பநிலைச் சிகிச்சை மையங்களும் ஏற்பட்டுள்ளன. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கக்கூடும். ஆதலால் இதயம், செவி, கண், தைராய்டு ஆகிய நான்கையும் காலத்தே சோதிக்க வேண்டும்.

இவை எவையும் இரகசியம் அல்ல. ஆயினும் என் அக்காவுக்கு இவற்றில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஏன்? செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறது. விண்ணப்பம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. அக்கா தமிழில் இருக்கிறாள். இரண்டுக்கும் இடையே மூன்று மொழியும் கொஞ்சம் விஞ்ஞானமும் அறிந்தவனாக நான் நின்றேன். பாலமாக நிற்க வேண்டியவன் சுவராக நின்றேன்.

நம் மன்றத்தில் பொங்கல் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், தமிழ் வாழ்க என்று முழங்குகிறோம். எல்லாம் வேண்டியவையே. ஸ்ரீராம்புரத்தில் ஒரு வீட்டில் ஆறு மாதங்கள் தமிழ் வாழாதிருந்தது. அதை மீட்டது முழக்கமன்று. ஒரு கன்னடத் தாயின் நல்ல சொல்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் கொடுக்க நம்மில் நாலு பேர் முன்வந்தால் போதும். மேலே சொன்ன செய்திகளை ஒரு பக்கத் தாளில் எளிய தமிழில் எழுதி அச்சிடுவோம். அட்டைக்கும் காப்பீட்டுக்கும் விண்ணப்பம் நிரப்பித் தருவோம். எதிர்வீட்டு அம்மாள் தம் வாசலைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கன்னடத்தில் கேட்பவர்களுக்குத் தாமே விளக்குவாராம். முதல் தாளை நான் எழுதிவிட்டேன். அக்கா அதை அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். எழுத்துப் பிழை இரண்டு இருப்பதாகவும் சொன்னாள்.

திருத்தி எழுத வேண்டும். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்து வாசலில் காத்திருப்பேன். வருவீர்களா?