விசரன் என்ற பட்டமும் றோஜர் என்ற பெயரும்

2006 யூலை 7 ஆம் திகதி இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரத்தில் றோஜர் கீத் பரெட் என்கிற அறுபது வயது மனிதர் கணையப் புற்றுநோயால் இறந்துபோனார். நாலு நாட்கள் கழித்துத்தான் செய்தி வெளியே வந்தது. வந்ததும் பத்திரிகைகள் எல்லாம் அஞ்சலிக் கட்டுரை எழுதின, படம் போட்டன. பெரும்பாலான படங்களில் இருந்தவருக்கு இருபத்தொரு வயதுக்கு மேல் இருக்காது. சுருண்ட தலைமயிர், மை தீட்டின கண்கள், பூப்போட்ட சட்டை. தலைப்பில் இருந்த பெயரும் றோஜர் இல்லை. சிட் பரெட். 'பிங்க் ஃபுளொய்ட்' இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதன் முதல் பாடகர், கித்தார்காரர், பாட்டெழுதுபவர்.

செத்தது ஒருவர், அஞ்சலி இன்னொருவருக்கு என்று அப்போதே எனக்குப் பட்டது. இவ்வளவு வருடங்கள் போன பிறகும் அப்படித்தான் படுகிறது.

பிங்க் ஃபுளொய்டைத் தெரியாது என்பவர்கள்கூட, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து வாத்திமாருக்கு எதிராகப் பாடுகிற ஒரு பாட்டை எங்கேயாவது கேட்டிருப்பார்கள். 1979 இல் வந்த 'த வோல்' இசைத்தொகுப்பில் உள்ளது. நானும் அந்த வாசலால்தான் உள்ளே போனேன். ஐரோப்பாவுக்கு வந்த புதிதில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. என்னோடு பெட்டி அடுக்கிய வெள்ளைக்காரர் ஒருவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். அவருடைய கசெற் பிளேயர் விடியும்வரை ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு அந்தப் பாட்டுப் பிடித்திருப்பதைக் கண்டுவிட்டு, இவர்களுடைய ஆக முதல் இசைத்தட்டைக் கேட்டுப் பார் என்று பதிவு செய்த கசெற் ஒன்றைத் தந்தார். அறைக்குக் கொண்டுபோய்ப் போட்டால், இது அதே குழுதானா என்று நம்ப முடியவில்லை. ஒரு பூனையைப் பற்றிப் பாட்டு. குள்ளன் ஒருவனைப் பற்றிப் பாட்டு. வயலில் நிற்கும் வெருளியைப் பற்றிப் பாட்டு. கடைசியில் ஒரு சைக்கிளைப் பற்றிப் பாட்டு. இடையில் வார்த்தையே இல்லாமல் பத்து நிமிடத்துக்குக் கிட்ட ஓடுகிற ஒரு பேய்க்கூத்து. குழந்தைப்பிள்ளைக் கதையும் கெட்ட கனவும் ஒன்றாகக் கலந்த மாதிரி இருந்தது. ஆங்கிலம் அரைகுறையாக விளங்கிய எனக்கே அந்தக் குரலில் ஏதோ ஒட்டிக்கொண்டது.

அந்த இசைத்தட்டு 1967 ஓகஸ்டில் வந்த 'த பைப்பர் அற் த கேற்ஸ் ஒவ் டோன்'. கென்னத் கிறஹாமின் 'த விண்ட் இன் த வில்லோஸ்' என்ற சிறுவர் நாவலில் வருகிற ஒரு அத்தியாயத்தின் தலைப்பையே பரெட் அதற்கு வைத்தார். லண்டன் அபே றோட் ஒலிப்பதிவுக் கூடத்தில் இவர்கள் இதைப் பதிவு செய்துகொண்டிருந்த அதே மாதங்களில், அதே கட்டடத்தில், பீட்டில்ஸ்காரர் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' வேலையை முடித்துக்கொண்டிருந்தார்கள்.

சிட் 1946 தை 6 ஆம் திகதி கேம்பிறிட்ஜில் பிறந்தவர். தகப்பன் நோயியல் மருத்துவர். மகனுக்குப் பதினாறு நிரம்ப ஒரு மாதம் இருக்கையில், 1961 மார்கழியில், அவர் இறந்துபோனார். அதே ஊரில் வளர்ந்தவர் றோஜர் வோட்டர்ஸ். அவருடைய தகப்பன் 1944 இல் இத்தாலியில் அன்சியோ போர்முனையில் செத்தவர். இன்னொரு கூட்டாளி டேவிட் கில்மோர், பின்னாளில் சிட்டின் இடத்துக்கு வந்தவர். சிட் லண்டனுக்கு வந்தது பாட்டுப் படிக்க அல்ல, கம்பர்வெல் கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்க. வோட்டர்ஸ், நிக் மேசன், றிச்சர்ட் றைட் ஆகியோர் கட்டடக்கலை படித்துக்கொண்டு ஒரு குழு வைத்திருந்தார்கள். சிட் போய்ச் சேர்ந்தார். பிங்க் அன்டர்சன், ஃபுளொய்ட் கவுன்சில் என்ற இரண்டு கறுப்பின புளூஸ் பாடகர்களின் பெயர்களை ஒட்டவைத்துக் குழுவுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

சைக்கடெலிக் றொக் என்றால் என்ன என்று கேட்டால், எல்.எஸ்.டி என்ற போதைப்பொருள் மனதுக்குள் உண்டாக்குகிற உருமாற்றங்களை ஒலியால் காட்டப் பார்த்த இசை என்று சுருக்கமாகச் சொல்லலாம். நீண்டுகொண்டே போகிற வாசிப்பு, எதிரொலி, சுவரெல்லாம் வழிகிற வர்ண வெளிச்சம். 1966 மார்கழியில் லண்டன் ரொட்டன்ஹாம் கோர்ட் வீதியில் தொடங்கின யூஃபோ கிளப்பில் பிங்க் ஃபுளொய்ட் வாசித்தபோது, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் வர்ணத் திரவத்தை விட்டுச் சூடாக்கி, அது குமிழ்விடுவதை வாசிப்பவர்கள் மேலேயே விழுத்துவார்கள். சிட் வேகமாக விரல் ஓட்டுகிற கித்தார்காரர் இல்லை. சிகரெட் பற்றவைக்கிற லைட்டரை நரம்புகளில் வைத்து இழுப்பார். அந்தச் சத்தத்தை 'பின்சன்' என்ற இத்தாலிய எதிரொலி மெசினுக்குள்ளால் விடுவார். சுழலுகிற ஒரு காந்தத் தட்டில் சத்தம் பதிந்து திரும்பத் திரும்ப வரும். கித்தாரை ஓவியக்காரன் தூரிகையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தவர் என்றுதான் நான் நினைப்பது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்துப் பெடியள் பலர் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உச்சரிப்பை வாயில் வைத்துக்கொண்டு பாடினார்கள். சிட் தன் ஊர் ஆங்கிலத்தில், தன் ஊர்ப் பிள்ளைகளின் கதைகளைப் பாடினார். டேவிட் போவி தன்னைப் பாதித்தது இந்த உச்சரிப்புத்தான் என்று சொல்லியிருக்கிறார். முதல் ஒற்றைப் பாட்டான 'ஆர்னல்ட் லேன்' கொடியில் காயப்போட்ட பெண்களின் உடுப்புகளைத் திருடுகிற ஒருவனைப் பற்றியது. 1967 பங்குனியில் வந்தது. ரேடியோ லண்டன் அதை ஒலிபரப்ப மறுத்தது. அப்படியிருந்தும் தரவரிசையில் 20 ஆம் இடத்துக்கு வந்தது. அடுத்து வந்த 'சீ எமிலி பிளே' 6 ஆம் இடம்.

அவ்வளவுதான். அந்த வருடம் முடிவதற்குள் எல்லாம் குழம்பிவிட்டது. மேடையில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு நிற்பது, கித்தார் நரம்புகளைத் தளர்த்திவிட்டு வெறித்துப் பார்ப்பது என்று கூட இருந்தவர்கள் பிறகு எழுதினார்கள். எல்.எஸ்.டி மட்டும்தான் காரணமா, உள்ளுக்குள் முதலே ஏதும் இருந்ததா, புகழின் நெருக்குதலா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை. கில்மோரை ஐந்தாவது ஆளாகச் சேர்த்தார்கள். 1968 தையில் ஒருநாள் சவுதாம்ப்டனில் நிகழ்ச்சி. வாகனத்தில் போகிற வழியில் சிட்டை ஏற்றுவோமா என்று ஒருவர் கேட்க, வேண்டாம் விடு என்று இன்னொருவர் சொன்னாராம். அப்படியே போய்விட்டார்கள். சண்டையும் இல்லை, பிரியாவிடையும் இல்லை. ஏப்பிரலில் அவர் விலகியதாக அறிவித்தார்கள்.

பிறகு அதே கூட்டாளிகள்தான் உதவியும் செய்தார்கள். 1970 இல் வந்த அவருடைய இரண்டு தனி இசைத்தட்டுகளில் முதலாவதை முடித்துக்கொடுக்க கில்மோரும் வோட்டர்ஸும் நின்றார்கள். இரண்டாவதுக்கு கில்மோரும் றைட்டும். அந்தப் பதிவுகளில் சிட் தாளத்தைத் தவறவிடுவதும் தாளைப் புரட்டுவதும்கூடக் கேட்கும். சிலருக்கு அது பெரிய உண்மை மாதிரித் தோன்றுகிறது. எனக்கு, முடியாத ஒருவரை முடியாத நிலையில் படம்பிடித்து வைத்தது போலவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம்.

எல்லாரும் சொல்கிற கதை 1975 யூன் 5 இல் நடந்தது. அபே றோட்டில் 'விஷ் யூ வேர் ஹியர்' வேலை நடக்கிறது. சிட்டை நினைத்தே எழுதின, 25 நிமிடத்துக்கு மேல் நீளுகிற 'ஷைன் ஓன் யூ கிறேசி டயமண்ட்' அதில் இருக்கிறது. தலையும் புருவமும் மழித்த ஒரு பருத்த மனிதர் உள்ளே வந்து நிற்கிறார். யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிட் என்று விளங்குகிறது. வோட்டர்ஸ் அழுதுவிட்டார் என்பார்கள். இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கை அங்கே முடிந்துபோகிறது. ஆனால் மனிதருக்கு அன்று வயது 29. அதற்குப் பிறகு இன்னும் 31 வருடங்கள் இருந்தார்.

அந்த வருடங்களில் என்ன செய்தார்? கேம்பிறிட்ஜுக்குத் திரும்பி வந்தார். சின்ன வயதில் கூட்டாளிமார் மத்தியில் ஒட்டின 'சிட்' என்ற பட்டப்பெயரை விட்டுவிட்டு வீட்டில் கூப்பிட்ட றோஜராகவே இருந்தார். ஓவியம் வரைந்தார். வரைந்ததைப் படம் எடுத்துக்கொண்டு, பலதை எரித்துவிட்டார். தோட்டம் செய்தார். மரப்பலகை வாங்கித் தனக்கு வேண்டிய தளபாடங்களைத் தானே அடித்து, நினைத்த நிறத்தைப் பூசினார். சைக்கிளில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்தார். அதே ஊரில் இருந்த சகோதரி வந்து பார்த்துக்கொண்டார். அண்ணனுக்கு உலகம் ஒட்டிவிட்ட பைத்தியப் பட்டத்தை அந்தச் சகோதரி ஒருநாளும் ஏற்கவில்லை. தன் பாட்டில் இருக்க விரும்பின, வித்தியாசமான ஒரு மனிதர் என்றுதான் அவர் சொன்னது.

உலகம் விட்டால்தானே. ரசிகர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். பத்திரிகைக்காரர் கடைக்குப் போகிற வழியில் ஒளித்து நின்று படம் எடுத்தார்கள். மொட்டையும் தொப்பையுமான அந்தப் படங்களை இளவயதுப் படத்துக்குப் பக்கத்தில் போட்டு, பார்த்தீர்களா என்றார்கள். அறுபது வயதில் யாருக்குத்தான் இருபது வயது முகம் இருக்கும்?

பெயரை விட்டுவிட்டு வாழ்கிற விசயம் எங்கடை ஆக்களுக்குப் புதினமில்லை. அம்மா கூப்பிட்டது ஒரு பெயர், இயக்கத்தில் இன்னொன்று, அகதி விண்ணப்பத்தில் வேறொன்று என்று மூன்று பெயரோடு இருக்கிறவர்கள் எத்தனை பேர். எனக்குத் தெரிந்த ஒருவர் தமிழ்க்கடையில் மரக்கறி தெரிந்துகொண்டு நிற்க, பின்னாலிருந்து ஒருவர் அவருடைய இயக்கப் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டார். கூப்பிட்டவர் சந்தோசத்தில்தான் கூப்பிட்டார். இவர் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனவர், பிறகு அந்தக் கடைப் பக்கம் வருவதில்லை. அந்தப் பெயரில் நடந்தவை எல்லாம் அந்தப் பெயரோடு திரும்பி வரும் என்பது கூப்பிட்டவருக்குத் தெரியாது. சிட் என்று கூப்பிட்டுக் கதவைத் தட்டியவர்களும் அன்போடுதான் தட்டியிருப்பார்கள்.

'விசர்' என்ற சொல்லையும் நாங்கள் எவ்வளவு லேசாக எறிகிறோம். சித்திரவதைக்குப் பிறகு கதை குறைந்தவன், பதில் வராத வழக்கோடு முகாம் அறையில் வருடக்கணக்காகக் கிடந்து ஒடுங்கிப்போனவன், எல்லாருக்கும் ஒரே பட்டம்தான். கலியாண மண்டபங்களில் இருந்து, "முந்தி எப்பிடி இருந்தவன் தெரியுமோ, இப்ப மண்டை கழண்டிட்டுது" என்று கதைக்கிறோம். அவனுடைய இன்றைய நாள் எப்படிப் போகிறது, சாப்பிட்டானா, தனிய இருக்கத்தான் விரும்புகிறானா என்று கேட்கிறவர் குறைவு. பாட்டு எழுதினவன் என்றால் 'கிறேசி டயமண்ட்'. களஞ்சியத்தில் பெட்டி தூக்கினவன் என்றால் வெறும் விசரன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. றோஜர் தனிமையில் இருக்க முடிந்ததற்குக் காசும் ஒரு காரணம். பாட்டுகளுக்கான உரிமைப் பணம் அவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேர கில்மோர் கவனமெடுத்தார். 2001 இல் வந்த 'எக்கோஸ்' தொகுப்பில் சிட்டின் பாட்டுகளும் இருந்தன. ஒரு வீடு, சாப்பாட்டுக்குக் குறையாத பணம், பக்கத்தில் ஒரு சகோதரி. ஒடுங்கிப்போன மனிதன் ஒருவன் மரியாதையோடு வாழ இந்த மூன்றும் காணும். எங்கடை ஆக்களில் பலருக்கு மூன்றில் ஒன்றும் இல்லை.

போதைதான் கலைஞனை ஆக்கியது என்கிற கதையிலும் எனக்கு நம்பிக்கையில்லை. அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் ஒரு ஓவியக் கல்லூரி இருக்கிறது, சிறுவயதில் வாசித்த புத்தகங்கள் இருக்கின்றன, நாள் முழுக்க வாசித்துப் பார்த்த உழைப்பு இருக்கிறது. எல்.எஸ்.டி அவருக்கு எதையாவது கொடுத்திருந்தால், அதைவிடப் பலமடங்கைத் திருப்பி எடுத்துக்கொண்டது.

2006 கார்த்திகையில் அவருடைய சாமான்களை ஏலம் விட்டார்கள். சைக்கிள், கையால் அடித்த தளபாடம், ஓவியங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம் பவுண்சுக்கு மேல் போனது. அந்தப் பணம் கலை படிக்கிற மாணவர்களுக்குப் போனது. அடுத்த வருடம் வைகாசியில் லண்டன் பார்பிக்கனில் ஒரு நினைவு நிகழ்ச்சி நடந்தது. வோட்டர்ஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடினார். மற்ற மூவரும் பிறகு வந்து 'ஆர்னல்ட் லேன்' வாசித்தார்கள். அவர் நினைவாகக்கூட நால்வரும் ஒன்றாக நிற்கவில்லை.

உயிரோடு இருந்தபோது பிபிசி அவரைப் பற்றி ஒரு விவரணப்படம் எடுத்தது. சகோதரி வீட்டில் இருந்து அதைப் பார்த்தாராம். 'சீ எமிலி பிளே' கேட்க நன்றாக இருந்ததாம். மற்றும்படி கொஞ்சம் சத்தம் கூடிப்போச்சு என்றாராம். அவரைப் பற்றி எழுதப்பட்ட அத்தனை கட்டுரைகளையும்விட இந்த விமர்சனம் எனக்குப் பிடித்திருக்கிறது. அவரைக் கேட்காதவர்கள் அந்தப் பாட்டிலிருந்தே தொடங்கலாம். மூன்று நிமிடம்கூட இல்லை.