ஐந்தாவது பெயர்

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கோடை நாடக விழா பாதி தாண்டியதும் ஏற்காட்டுக்கு எனக்கு ஒரு பட்டியல் அனுப்பிவைப்பார். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நாரத கான சபாவில் நடத்தும் விழா அது. பெரும்பாலும் அதுவரை மேடையேறாத புது நாடகங்கள், முடிவில் பரிசுகள். சிறந்த நாடகம், நடிகர், நடிகை, கதை வசனம் என்று தலைப்புப் போட்டு ஒவ்வொன்றின் கீழும் தம் கணிப்பை எழுதியிருப்பார். நடுவர்களே மீதி நாடகங்களைப் பார்க்கவில்லை, இவரும் பார்க்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுவார். எல்லாத் தலைப்பின் கீழும் நான்கு பெயர்கள் இருக்கும். ஐந்து என்று எண் போட்டு, எதிரே வெறுமனே விட்டிருப்பார்.

ஏன் என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன்.

“அவன் இன்னும் மேடையேறலைப்பா. அவனுக்கு இடம் வெச்சுட்டுத்தான் மத்தவாளைப் பத்திப் பேசணும்” என்றார்.

அன்றிலிருந்து பெரியவரின் பட்டியல் வந்தால் என் கண் முதலில் போவது அந்த வெற்றிடத்துக்குத்தான். இன்னும் ஒத்திகையில் இருக்கும் ஒருவருக்காக, பெயரே தெரியாத ஒருவருக்காக, ரசிகர் ஒருவர் விட்டுவைக்கும் மரியாதை அது.

உலகத்தில் இந்தக் கணிப்பு வேலை மும்முரமாக நடக்கும் இடம் நியூயார்க்கின் பிராட்வே. அங்கே 1947 முதல் கொடுக்கப்படும் டோனி விருதுக்கு வழக்கமாக ஏப்ரல் கடைசியோடு கணக்கு முடியும்; அதற்குள் முறையாகத் தொடங்கிய நாடகங்கள்தான் அந்த ஆண்டின் கணக்கில் சேரும். ஊகப் பட்டியல்களோ இலையுதிர் காலத்திலேயே வரத் தொடங்கிவிடும். விருது வேண்டும் என்று நினைக்கும் தயாரிப்பாளர் தம் நாடகத்தை மார்ச், ஏப்ரலில் கொண்டுவந்து நெருக்கிப் போடுவார். பரிந்துரைக்கும் குழுவினர் நினைவில் நாடகம் ஆறாமல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆகவே அக்டோபரில் பட்டியல் போடுகிறவர் பார்த்ததைவிடப் பார்க்காததைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கும்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று பிராட்வே மூடப்பட்டது. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியர் பாடும் ‘சிக்ஸ்’ என்ற இசை நாடகம் அன்று மாலைதான் முறைப்படி தொடங்குவதாக இருந்தது. அது தொடங்கியது 2021 அக்டோபரில். வசந்தத்தில் வரவிருந்த நாடகங்கள் எதுவும் அந்த ஆண்டின் கணக்கில் ஏறவில்லை. இசை நாடகத்தின் சிறந்த நடிகர் பிரிவில் ஒரே ஒரு பெயர் நின்றது: ‘மூலான் ரூஜ்’ நாடகத்தில் நடித்த ஆரன் ட்வெய்ட். எதிரில் ஆளில்லாவிட்டாலும் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் ஒப்பினால்தான் விருது என்று விதி வைத்தார்கள். 2021 செப்டம்பரில் விழா நடந்தது, அவர் வென்றார். நல்ல நடிகர், தகுதியான பரிசு. எனக்கு நினைவில் நிற்பது அவர் பெயருக்குக் கீழே இருந்த வெற்றிடம். அங்கே யாரோ இருந்தார்கள். வசனம் மனப்பாடம் செய்திருந்தார்கள், உடைக்கு அளவு கொடுத்திருந்தார்கள்.

பாதியில் நின்று முழுசைச் சொல்வது ஏற்காடு இருக்கும் இந்த மலைக்குப் புதிதில்லை. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்கள் மார்ச், ஏப்ரல் மழைக்குக் காத்திருக்கும். அதைப் பூமழை என்பார்கள். வெயிலில் வாடி, கணுக்களில் ஒட்டிக்கொண்டு உறங்கும் மொட்டுகள், நல்ல மழை ஒன்று பெய்து ஒரு வாரம் பத்து நாளில் மொத்தமாக விரியும். வெள்ளிஓக் மரங்களுக்குக் கீழே மலைச்சரிவு முழுக்க வெள்ளையாகி, மல்லிகை போன்ற வாசனை சாலை வரைக்கும் வரும். சில நாளில் பூ வாடிவிடும். தோட்டக்காரர் அந்தச் சில நாளில் கிளைகளைப் பிடித்துப் பார்த்து நவம்பருக்குமேல் பறிக்கப்போகும் பழத்துக்குக் கணக்குச் சொல்வார். காப்பி வாரியமும் பூ முடிந்ததும் ஒரு மதிப்பீடு, பருவமழை முடிந்ததும் இன்னொரு மதிப்பீடு என்று இரண்டு முறை எண்ணிக்கை வெளியிடுகிறது. இரண்டாவது தேவைப்படுவதற்குக் காரணம், நடுவே அடுத்த மழை தவறலாம், அடைமழையில் பிஞ்சு உதிரலாம். முதல் கணக்கைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. பூவைப் பார்த்தவர் பூவுக்குச் சொன்ன கணக்கு அது.

ஏற்காட்டில் மேடைக் கதை ஒன்றும் உண்டு. அதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி இந்த ஊரில் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவனுக்குப் பள்ளி நாடகத்தில் சின்ன வேடம் கிடைத்தது. பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் 1666-இல் எழுதிய ‘விருப்பமில்லா வைத்தியன்’ நாடகம். முதன்மை வேடம் வேறொரு பையனுக்கு. ஆனால் அந்தப் பையனுக்கு அம்மை கண்டுவிட்டது. சின்ன வேடக்காரன் முதன்மை வேடத்துக்கு ஏறினான். 1983-இல் பள்ளியை முடித்து மலையிறங்கிய அவனை இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். நடிகர் விக்ரம்.

இதில் என்னை மயக்குவது நாடகத்தின் கதை. மோலியேரின் நாயகன் ஒரு விறகுவெட்டி. மனைவியை அடித்துவிடுகிறான். அவள் பழிவாங்க நினைக்கிறாள். வைத்தியரைத் தேடி அலையும் வேலைக்காரர்கள் இருவரிடம், “அதோ அந்த ஆள் பெரிய வைத்தியர். ஆனால் நாலு அடி வைத்தால்தான் ஒப்புக்கொள்வார்” என்கிற மாதிரி சொல்லி அனுப்புகிறாள். அடி விழுகிறது, அவனும் வைத்தியனாகிறான். வாய்க்கு வந்த இலத்தீனைப் பேசி, ஈரலும் இதயமும் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் வைத்தியம் பார்க்கிறான். தன்னுடையதல்லாத அங்கியில் கட்டாயமாகத் திணிக்கப்பட்ட ஒருவன், அந்த அங்கிக்குப் பொருத்தமாகப் பேசக் கற்றுக்கொள்வதுதான் நாடகம் முழுவதும். ஓரத்திலிருந்து திடீரென்று நடுவுக்கு இழுக்கப்பட்ட பையனுக்கு இதைவிட நல்ல நாடகம் அமைந்திருக்க முடியுமா? ஒத்திகையின் முதல் வாரத்தில் யாராவது அந்தப் பள்ளியில் பரிசுக் கணிப்பு எழுதியிருந்தால் அவன் பெயர் அதில் இருந்திருக்காது. அம்மை கண்ட பையனின் பெயர் முதலாவதாக இருந்திருக்கும், நியாயமாகத்தான் இருந்திருக்கும். மேடையேறாமல் போன அந்தப் பையனையும் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பிறகு லயோலா கல்லூரி. பீட்டர் ஷாஃபரின் ‘பிளாக் காமெடி’ நாடகத்தில் நடித்து, சென்னை ஐஐடியில் சிறந்த நடிகர் பரிசு வாங்கினார் விக்ரம். 1965-இல் எழுதப்பட்ட அந்த நாடகத்தில் வெளிச்சம் தலைகீழ். பாத்திரங்களுக்கு வெளிச்சம் இருக்கும்போது மேடை இருட்டாக இருக்கும்; வீட்டில் மின்சாரம் போனதும் நமக்கு மேடை பளிச்சென்று தெரியும். பாத்திரங்கள் இருட்டில் நாற்காலியைத் தடவிக்கொண்டிருப்பதை நாம் வெளிச்சத்தில் பார்க்கிறோம். கொட்டும் வெளிச்சத்தில் நின்றுகொண்டு ஒன்றும் தெரியாதவனாக நடிக்க உடம்பு முழுக்கத் திறமை வேண்டும். அந்தப் பரிசுக்குப் பின் ஒரு சாலை விபத்து அவர் காலை நொறுக்கிச் சில ஆண்டுகள் படுக்கையில் போட்டது. ‘சேது’ 1999-இல் வந்தது. ‘பிதாமக’னுக்காகத் தேசிய விருது வந்தபோது, அநேகமாகப் பேச்சே இல்லாத வேடம் ஒன்றுக்காக அதை வாங்கினார். எந்தக் கட்டத்தில் நின்று யார் கணித்திருந்தாலும், ஐந்தாவது இடத்தைக் காலியாக விட்டவர் மட்டும்தான் சரியாகச் சொல்லியிருப்பார்.

பரிசு என்றால் நம்மிடம் இருப்பதில் பழைய கதை மாதவியுடையது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நான் பரிசளிப்பு விழாவின் வருணனையாகவே படிக்கிறேன். ஐந்து வயதில் பயிற்சி, ஏழாண்டு உழைப்பு, பன்னிரண்டு வயதில் சோழ மன்னன் முன்னால் அரங்கேற்றம். அவள் ஆடுவதற்கு முன் இளங்கோ மேடையைக் கட்டுகிறார். இருபத்துநான்கு பெருவிரல் அளவு கொண்ட கோல். அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்கிறார்கள். இத்தனை நுணுக்கத்தையும் தாண்டி என்னை நிறுத்தி வைப்பது தலைக்கோல். தோற்று ஓடிய மன்னரின் வெண்கொற்றக் குடையிலிருந்து எடுத்த காம்பு. கணுக்களில் மணி பதித்து, இடையே பொன் தகடு போர்த்தியது. அதைப் புண்ணிய நீரால் ஆட்டி, மாலை சூட்டி, பட்டத்து யானையின் கையில் கொடுக்கிறார்கள். முரசு முழங்குகிறது. அரசனும் ஐம்பெருங்குழுவும் கூட வர, தேரை வலம் வந்து, தேர்மேல் இருக்கும் கவிஞன் கையில் அது சேர்கிறது. ஊரைச் சுற்றிக் கொண்டுவந்து அரங்கில் வைக்கிறார்கள். அப்புறம்தான் மாதவி வலக்காலை முன்வைத்து ஏறுகிறாள்.

பரிசு முதலில் வருகிறது, ஆடுகிறவள் பிறகு வருகிறாள். தலைக்கோலி என்ற பட்டத்துக்குரிய கோல் அரங்கில் காத்திருக்க, அதன் முன்னாலேயே அவள் ஆடுகிறாள். ஆடி முடித்ததும் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் அவளுடையவை. போட்டியில் இன்னும் யார் இருந்தார்கள், ஊரார் யாரை எதிர்பார்த்தார்கள் என்று நூலில் ஒரு சொல் கிடையாது. ஆனால் தேர்மேல் கோல் ஊர்வலம் போன நேரத்தில் புகாரின் தெருவில் ஒருவராவது பக்கத்து வீட்டுக்காரரிடம் “யாருக்குப் போகும் என்று நினைக்கிறீர்?” என்று கேட்காமல் இருந்திருப்பாரா? நம்மூர் ஆட்களை அறிந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் ஐயமே இல்லை.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குள் நுழையும்போது ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரத்தின் ஸ்டுடியோவில் மிஞ்சியது அது. பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பி.யு. சின்னப்பா 1940-இல் இங்கேதான் ‘உத்தமபுத்திர’னில் இரட்டை வேடம் போட்டார். 1951-இல் இறந்துபோனார். தேசியத் திரைப்பட விருதுகள் தொடங்கியது 1954-இல். அவருக்கு எந்தப் பட்டியலும் வாய்க்கவில்லை. அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

அங்கிருந்து மேற்கே மேச்சேரிப் பக்கம் போனால் கூத்துக் களரிகள். தெருக்கூத்தில் பரிசு ஆண்டு முடியும்வரை காத்திருக்காது. ஆட்டம் நடக்கும்போதே வரும். பிடித்த வேடக்காரருக்குப் பார்ப்பவர் எழுந்து போய் ரூபாய்த் தாளைக் கொடுப்பார், கொடுத்தவர் பெயரும் தொகையும் அங்கேயே அறிவிக்கப்படும். மிருதங்கமும் முகவீணையும் ஒரு நொடி நின்று மறுபடி தொடரும். ஒருமுறை பாஞ்சாலி துகிலுரிதல் பார்க்கப் போயிருந்தேன். நள்ளிரவுக்குள்ளேயே துரியோதனனுக்கு அன்பளிப்பு குவிந்துவிட்டது. புஜக்கட்டையும் கிரீடமும் அதிர அவர் சுழன்ற சுழற்சிக்கு அது தகும். பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த வயதானவரிடம், “இன்னைக்கு இவருதாங்களா முதல்?” என்றேன்.

“பாஞ்சாலி இன்னும் வரலீங்களே” என்றார்.

பாஞ்சாலி வேடக்காரர் களரிக்கு வந்தபோது விடியற்காலை ஆகிவிட்டது. குழந்தைகள் சுருண்டு தூங்கிவிட்டன, கூட்டம் பாதி கலைந்திருந்தது. சபை நடுவே அவர் நியாயம் கேட்டுப் பாடத் தொடங்கினார். முதல் அடி முடிவதற்குள் வயதானவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்து, முன்னால் நடந்தார்.